பன்னிரண்டிலிருந்து பூஜ்யத்துக்கு: லண்டன் புறநகர் ஒன்றின் தேர்தல் கணக்கு

புது தில்லி: பிரிட்டனில் 2010 மே 6-ஆம் தேதி நடைபெற்ற நாடாளுமன்றத் தேர்தலில், 13 ஆண்டுகள் தொடர்ந்து ஆட்சியிலிருந்த தொழிலாளர் கட்சி 258 இடங்களுடன் இரண்டாவது இடத்துக்குத் தள்ளப்பட்டது. பிரதமர் கார்டன் பிரௌன் ஐந்தே நாள்களில் பதவி விலகினார். ஆனால், அதே நாளில் நடைபெற்ற உள்ளாட்சித் தேர்தலில், கிழக்கு லண்டனின் ஓரத்தில் இருக்கும் பார்க்கிங்-டாகன்ஹாம் மன்றத்தின் 51 இடங்களில் 51-ஐயும் அக்கட்சியே கைப்பற்றியது.

நாடு முழுவதும் தோற்ற கட்சி ஓர் ஊரில் முழு வெற்றி பெறுவது அரசியலில் புதிதல்ல. அந்த ஊரில் யார் தோற்றார்கள் என்பதில்தான் செய்தி இருக்கிறது. நான்கு ஆண்டுகளுக்கு முன்னர், 2006 மே 4-ஆம் தேதி நடந்த தேர்தலில் இதே மன்றத்தில் 12 இடங்களை வென்று பிரதான எதிர்க்கட்சியாக அமர்ந்தது பிரிட்டிஷ் தேசியக் கட்சி. வெள்ளையர் அல்லாதவர்களை உறுப்பினராகச் சேர்ப்பதில்லை என்று தனது விதிகளிலேயே எழுதி வைத்திருந்த கட்சி அது. அந்த 12 இடங்களும் 2010-இல் ஒன்றுகூட மிஞ்சாமல் பறிபோயின.

இந்த இரண்டு முடிவுகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால், ஓர் ஊர் நான்கே ஆண்டுகளில் மனம் மாறிவிட்டதாகத் தோன்றும். வாக்குகளை எண்ணிப் பார்த்தால் கதை வேறு. மனம் மாறியவர்களைவிட, முன்பு வீட்டிலேயே இருந்துவிட்டுப் பின்பு வாக்குச்சாவடிக்கு வந்தவர்களே அந்த முடிவை எழுதினார்கள். உள்ளாட்சித் தேர்தல்தானே என்று அலட்சியம் காட்டும் எந்த நாட்டுக்கும் இது பாடமாக அமையும்.

ஒரு வாக்காளர், மூன்று வாக்குகள்

லண்டன் பெருநகரம் 32 உள்ளாட்சி மன்றங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. இவற்றுடன் பழைய நகரப் பகுதிக்குத் தனியே ஒரு மாநகராட்சி உண்டு. பள்ளிக்கூடம், முதியோர் பராமரிப்பு, குப்பை அகற்றுதல், கட்டட அனுமதி, வாடகை வீடு என அன்றாட வாழ்வின் பெரும்பகுதி இந்த மன்றங்களின் பொறுப்பில் இருக்கிறது. நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை எல்லா இடங்களுக்கும் ஒரே நேரத்தில் தேர்தல் நடைபெறும்.

பார்க்கிங்-டாகன்ஹாமில் அப்போது 17 வார்டுகள் இருந்தன. வார்டுக்கு மூன்று பேர் வீதம் 51 உறுப்பினர்கள். ஒவ்வொரு வாக்காளருக்கும் மூன்று வாக்குகள் உண்டு. அதிக வாக்குகள் பெறும் முதல் மூவர் வெற்றி பெற்றதாக அறிவிக்கப்படுவர். விகிதாசார முறை கிடையாது. நமது நாட்டிலும் 1952, 1957 பொதுத் தேர்தல்களில் இரட்டை உறுப்பினர் தொகுதிகள் இருந்ததும், அங்கே வாக்காளர்கள் இரண்டு வாக்குகள் அளித்ததும் மூத்த வாசகர்களுக்கு நினைவிருக்கலாம். 1961-இல் அம்முறை கைவிடப்பட்டது.

இந்த மூன்று வாக்கு முறையில் ஒரு நுட்பம் ஒளிந்திருக்கிறது. பரம்பரையாக ஒரே கட்சிக்கு வாக்களித்து வந்த ஒருவர், இரண்டு வாக்குகளைத் தன் கட்சிக்கே அளித்துவிட்டு, மூன்றாவது வாக்கைக் கோபத்தின் அடையாளமாக வேறொருவருக்கு அளிக்கலாம். கட்சி மாறிவிட்டோம் என்ற உறுத்தல் இல்லாமலேயே கட்சியைத் தண்டிக்கலாம். 2006-இல் பிரிட்டிஷ் தேசியக் கட்சி 51 இடங்களுக்கும் ஆள் நிறுத்தவில்லை. வெறும் 13 வேட்பாளர்களை மட்டுமே நிறுத்தியது. அவர்களில் 12 பேர் வென்றனர். தொழிலாளர் கட்சிக்கு 38 இடங்களும், கன்சர்வேட்டிவ் கட்சிக்கு ஒரே ஓர் இடமும் கிடைத்தன. அத்தனை இடங்களுக்கும் போட்டியிட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற கேள்வி லண்டன் அரசியல் வட்டாரத்தையே உலுக்கியது. 26 இடங்கள் கிடைத்தால் மன்றமே கைக்கு வந்துவிடும் அல்லவா?

வீடுகளால் ஆன ஊர்

அக்கோபம் எங்கிருந்து வந்தது என்பதை அறிய, இந்த ஊர் எப்படி உருவானது என்று பார்க்க வேண்டும். முதல் உலகப் போர் முடிந்ததும், போரிலிருந்து திரும்பும் வீரர்களுக்கு ஏற்ற வீடுகள் கட்டித் தரப்படும் என்று பிரதமர் லாயிட் ஜார்ஜ் உறுதியளித்தார். 1919-இல் அதற்கான வீட்டுவசதிச் சட்டம் நிறைவேறியது. அதன் விளைவாக எழுந்ததுதான் டாகன்ஹாமின் பெக்கன்ட்ரீ குடியிருப்பு. 1921-இல் தொடங்கி 1935 வரை சுமார் 27,000 வீடுகள் அங்கே கட்டப்பட்டன. ஓர் உள்ளாட்சி அமைப்பு கட்டிய குடியிருப்புகளில் உலகிலேயே பெரியது என்று அது பெயர் பெற்றது. கிழக்கு லண்டனின் நெரிசல் மிகுந்த சந்துகளில், பல குடும்பங்கள் ஒரே கழிப்பறையைப் பகிர்ந்துகொண்டு வாழ்ந்த தொழிலாளர்கள், தோட்டமும் தனிக் கழிப்பறையும் கொண்ட வீடுகளில் குடியேறினர்.

வீட்டுக்குப் பின்னால் வேலையும் வந்தது. 1931-இல் ஃபோர்டு நிறுவனம் தேம்ஸ் நதிக்கரையில் தனது கார் ஆலையைத் திறந்தது. உச்சத்தில் இருந்த காலத்தில் சுமார் 40,000 பேர் அங்கே பணிபுரிந்தனர். ஆண்களுக்கு இணையான மதிப்பும் ஊதியமும் கேட்டு 1968-இல் வேலைநிறுத்தம் செய்து, 1970-ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டத்துக்கு வழிகோலிய தையல் பிரிவுப் பெண்கள் இந்த ஆலையைச் சேர்ந்தவர்கள்தான். ஆலையில் வேலை, மன்றத்தின் வீடு, தொழிற்சங்க அட்டை, தேர்தலில் தொழிலாளர் கட்சி என்பது தலைமுறை தலைமுறையாக அவ்வூரின் வாழ்க்கை முறையாக இருந்தது. 1960-களில் இந்த மன்றம் உருவாக்கப்பட்ட நாள் முதல் வேறு எந்தக் கட்சியும் 2006 வரை அதை ஆண்டதில்லை.

இரண்டு தூண்களும் அடுத்தடுத்துச் சாய்ந்தன. 1980-இல் மார்கரெட் தாட்சர் அரசு கொண்டுவந்த வீட்டுவசதிச் சட்டம், மன்ற வீடுகளில் குடியிருப்போர் அவற்றைக் கணிசமான தள்ளுபடியில் சொந்தமாக வாங்கிக்கொள்ள உரிமை அளித்தது. வாங்கியவர்களுக்கு அது வரப்பிரசாதம். ஆனால், விற்றுக் கிடைத்த பணத்தைக் கொண்டு புதிய வீடுகள் கட்ட மன்றங்களுக்குப் பல கட்டுப்பாடுகள் விதிக்கப்பட்டன. விற்றவை விற்றவையாகவே போயின. அவற்றில் பல, காலப்போக்கில் தனியார் உரிமையாளர்களிடம் கைமாறி, அதிக வாடகைக்கு விடப்பட்டன. 2002-இல் ஃபோர்டு ஆலையில் கார் பொருத்தும் பணி நிறுத்தப்பட்டது. இன்ஜின் தயாரிப்பு தொடர்ந்தது.

அப்பா வாழ்ந்த தெருவில் மகனுக்கு வீடு கிடைக்கும் என்பது அவ்வூரில் எழுதப்படாத ஒப்பந்தமாக இருந்தது. 1977-ஆம் ஆண்டின் வீடற்றோர் சட்டத்துக்குப் பின், எவருக்குத் தேவை அதிகமோ அவருக்கே முதலிடம் என்ற முறை வந்தது. அது நியாயமான முறைதான். ஆனால், வீடுகளின் எண்ணிக்கை ஆண்டுதோறும் குறையும்போது, நியாயமான வரிசையும் நகராத வரிசையாகிவிடுகிறது. வரிசையில் நிற்பவர், வீட்டை விற்ற சட்டத்தைப் பார்ப்பதில்லை. தமக்கு முன்னால் நிற்பவரின் முகத்தைப் பார்க்கிறார்.

முகங்களும் மாறிக்கொண்டிருந்தன. லண்டனிலேயே வீட்டு விலை மிகக் குறைந்த பகுதியாக இது இருந்ததால், நகரின் உட்பகுதிகளில் வாழ வழியில்லாதவர்கள் இங்கே வந்தனர். ஆப்பிரிக்க நாடுகள், தெற்காசியா, கிழக்கு ஐரோப்பா எனப் பல திசைகளிலிருந்தும் குடும்பங்கள் வந்தன. 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இங்கு வாழ்ந்த சுமார் 1.64 லட்சம் பேரில் 81 சதவீதத்தினர் வெள்ளை பிரிட்டிஷார். 2011-இல் மக்கள்தொகை 1.86 லட்சமாக உயர்ந்தபோது அவர்களின் பங்கு 49.5 சதவீதம். பத்தே ஆண்டுகளில் இத்தகைய மாற்றத்தைக் கண்ட ஊர்கள் இங்கிலாந்தில் அரிது.

துண்டறிக்கையின் வலிமை

இந்த நிலத்தில்தான் பிரிட்டிஷ் தேசியக் கட்சி விதைத்தது. கிழக்கு லண்டனில் பார்க்கிங்-டாகன்ஹாமைக் குறிவைத்து அக்கட்சி பரப்பிய துண்டறிக்கை ஒன்று, இங்கே வீடு வாங்கிக் குடியேற ஆப்பிரிக்கர்களுக்கு 50,000 பவுண்டு வரை அரசுப் பணம் ரகசியமாக வழங்கப்படுகிறது என்றது. அப்படி ஒரு திட்டமே இல்லை. ஆனால், வீட்டுக்காகப் பல ஆண்டுகள் காத்திருந்தவருக்கு, தாம் ஏன் காத்திருக்கிறோம் என்பதற்கு எவரும் விளக்கம் சொல்லாத நிலையில், பொய்யான விளக்கமும் விளக்கமாகவே தோன்றியது.

2004 செப்டம்பரில் கோர்ஸ்புரூக் வார்டு இடைத்தேர்தலில் அக்கட்சி பதிவான வாக்குகளில் பாதிக்கும் மேல் பெற்று வென்றபோதே எச்சரிக்கை மணி ஒலித்துவிட்டது. 2005 பொதுத் தேர்தலில் பார்க்கிங் நாடாளுமன்றத் தொகுதியில் அக்கட்சி வேட்பாளர் ரிச்சர்ட் பார்ன்புரூக் 4,916 வாக்குகள், அதாவது 16.9 சதவீதம் பெற்றார். இரண்டாவது இடத்தை அவர் இழந்தது வெறும் 27 வாக்குகளில்.

அத்தொகுதியின் உறுப்பினர் மார்கரெட் ஹாட்ஜ், அப்போது டோனி பிளேர் அரசில் வேலைவாய்ப்புத் துறை அமைச்சர். எகிப்தில், நாஜிக் கொடுமைக்குத் தப்பி வந்த யூதக் குடும்பத்தில் பிறந்து, சிறு வயதில் பிரிட்டனில் குடியேறியவர். 2006 ஏப்ரலில், உள்ளாட்சித் தேர்தலுக்கு மூன்று வாரங்களே இருந்த நிலையில், தமது தொகுதியில் பத்து வெள்ளைக் குடும்பங்களில் எட்டு, பிரிட்டிஷ் தேசியக் கட்சிக்கு வாக்களிக்கும் எண்ணத்தில் இருப்பதாக அவர் ஒரு நாளிதழுக்கு அளித்த பேட்டியில் கூறினார். உண்மையைச் சொன்னார் என்றனர் சிலர். எதிராளிக்கு அவரே விளம்பரம் தேடித் தந்துவிட்டார் என்று அவருடைய சொந்தக் கட்சியினரே குமுறினர். முடிவு 12 இடங்களாக வந்தபோது, பழி அவர்மீது விழுந்தது.

மறு ஆண்டு, அதாவது 2007 மே மாதத்தில், புதிதாக வந்தவர்களைவிட நீண்டகாலமாக வாழ்பவர்களுக்கு மன்ற வீடுகளில் முன்னுரிமை தர வேண்டும் என்று எழுதினார் ஹாட்ஜ். இது எதிராளியின் மொழி என்று சக அமைச்சர் ஆலன் ஜான்சன் கண்டித்தார். அண்டைத் தொகுதியான டாகன்ஹாமின் உறுப்பினர் ஜான் க்ரட்டஸோ வீட்டுப் பற்றாக்குறையும் ஊதிய வீழ்ச்சியுமே நோயின் வேர் என்று வாதாடி வந்தார். இனவாதத்தை எதிர்ப்பதில் ஒன்றுபட்டிருந்த ஒரே கட்சிக்குள், அதன் காரணத்தைச் சொல்வதில் இரண்டு குரல்கள் ஒலித்தன.

மன்றத்துக்குள் நான்கு ஆண்டுகள்

எதிர்க்கட்சி வரிசையில் அமர்ந்த 12 பேருக்கும் பார்ன்புரூக் தலைவரானார். 2008-இல் அவர் 25 உறுப்பினர்கள் கொண்ட லண்டன் பேரவைக்கும் தேர்வானார். அத்தேர்தலில் அக்கட்சிக்குப் பெருநகரம் முழுவதும் கிடைத்தது 5.3 சதவீத வாக்குகள். விகிதாசாரப் பட்டியல் முறையில் ஓர் இடம் பெற அது போதுமானதாக இருந்தது. 2009 ஜூனில் கட்சித் தலைவர் நிக் கிரிஃபினும், ஆண்ட்ரூ பிரான்ஸும் ஐரோப்பிய நாடாளுமன்றத்துக்கே தேர்ந்தெடுக்கப்பட்டனர். வார்டு இடைத்தேர்தலில் தொடங்கிய பயணம் ஐந்தே ஆண்டுகளில் ஐரோப்பா வரை சென்றுவிட்டது.

ஆனால், பதவி என்பது துண்டறிக்கையைவிடக் கடினமான சோதனை. மன்றத்தின் எல்லைக்குள் நடந்த கொலைகள் என்று பார்ன்புரூக் ஒரு காணொளியில் கூறிய செய்தி உண்மையல்ல என்று தெரியவந்தது. 2009-இல் மன்றத்தின் ஒழுங்குமுறைக் குழு அவரை ஒரு மாத காலம் இடைநீக்கம் செய்தது. வெள்ளையருக்கு மட்டுமே உறுப்பினர் தகுதி என்ற கட்சி விதியை எதிர்த்து, சமத்துவ மற்றும் மனித உரிமை ஆணையம் நீதிமன்றம் சென்றது. 2010 பிப்ரவரியில் வேறு வழியின்றி அவ்விதியை மாற்ற கட்சி ஒப்புக்கொண்டது.

மறுபுறம், ஹாட்ஜ் தமது வழிமுறையை மாற்றிக்கொண்டார். வாக்குறுதிகளை அடுக்கும் பொதுக்கூட்டங்களைக் குறைத்துக்கொண்டு, ஒவ்வொரு தெருவாகக் கடிதம் அனுப்பி மக்களைத் தேநீருக்கு அழைத்தார். நாட்டு அரசியலைப் பேசாமல், அவர்கள் எதைப் பற்றிப் பேச விரும்புகிறார்களோ அதைக் கேட்டார். குப்பைத்தொட்டி, நடைபாதை, தெருவில் கூடும் இளைஞர்களின் தொல்லை என்று பேச்சு தொடங்கும். பிறகுதான் வீடும் குடியேற்றமும் வரும். குறைகளை ஒன்றிரண்டாகத் தீர்த்துவிட்டு, தீர்ந்ததைத் திரும்பச் சென்று சொல்வது என்ற எளிய நடைமுறை அது. வார்டு கவுன்சிலர் ஒவ்வொருவரும் செய்ய வேண்டிய வேலையை ஓர் அமைச்சர் மறுபடி கற்றுக்கொண்டார் எனலாம்.

இனவாத எதிர்ப்பு இதழான சர்ச்லைட் தொடங்கிய பிரசார இயக்கமும் ஊருக்குள் முகாமிட்டது. நூற்றுக்கணக்கான தன்னார்வலர்கள் வீடுவீடாகச் சென்றனர். வாக்காளர் பட்டியலில் பெயர் உண்டா என்று பார்ப்பதும், வாக்களிக்கும் நாளை நினைவூட்டுவதும் அவர்களின் வேலையில் முக்கிய இடம் பெற்றன. பார்க்கிங்கில் பிறந்த பாடகர் பில்லி பிராகும் தெருவில் இறங்கினார்.

இங்கே நம் வாசகர்கள் கவனிக்க வேண்டிய சட்ட நிலை ஒன்று உண்டு. பிரிட்டனில் முறையாக வசிக்கும் காமன்வெல்த் நாட்டுக் குடிமக்கள், பிரிட்டிஷ் குடியுரிமை பெறாவிட்டாலும், உள்ளாட்சித் தேர்தலிலும் நாடாளுமன்றத் தேர்தலிலும் வாக்களிக்கலாம். இந்தியா, இலங்கை, பாகிஸ்தான், வங்கதேசம், நைஜீரியா ஆகிய நாடுகளின் கடவுச்சீட்டு வைத்திருப்போர் அனைவருக்கும் இது பொருந்தும். எவரை வெளியேற்ற வேண்டும் என்று அக்கட்சி பேசியதோ, அவர்களின் கையிலும் ஒரு வாக்குச்சீட்டு இருந்தது. பட்டியலில் பெயரைப் பதிவு செய்துகொள்வது மட்டுமே மீதமிருந்தது.

எண்கள் சொன்னது

2010-இல் பார்க்கிங் நாடாளுமன்றத் தொகுதியில் ஹாட்ஜை எதிர்த்துக் களமிறங்கியவர் நிக் கிரிஃபினே. நாடாளுமன்றத்துக்குள் நுழைவது, கூடவே மன்றத்தைக் கைப்பற்றுவது என்ற இரட்டை இலக்கு அவருடையது. வாக்குப்பதிவுக்கு முதல் நாள், அக்கட்சியின் லண்டன் நிர்வாகி ஒருவர் ஆசிய இளைஞர்களுடன் தெருவில் கைகலப்பில் ஈடுபட்ட காட்சி தொலைக்காட்சிகளில் ஒளிபரப்பானது.

முடிவு வெளியானது. ஹாட்ஜ் 24,628 வாக்குகள் பெற்றார். கன்சர்வேட்டிவ் வேட்பாளருக்கு 8,073 வாக்குகள். கிரிஃபின் 6,620 வாக்குகளுடன் மூன்றாவது இடம். வாக்கு வித்தியாசம் 16,555. வெற்றி மேடையில் ஹாட்ஜ், இந்த ஊரை விட்டுப் போய்விடுங்கள், திரும்பி வராதீர்கள் என்று அக்கட்சியினரை நோக்கி முழங்கினார். அடுத்து எண்ணப்பட்ட உள்ளாட்சி வாக்குகளில் 12 இடங்களும் ஒவ்வொன்றாகக் கைநழுவின.

இப்போது முந்தைய எண்களை நினைவுகூர்வோம். 2005-இல் அத்தொகுதியில் அக்கட்சி பெற்றவை 4,916 வாக்குகள். 2010-இல் 6,620. தொகுதி எல்லைகள் இடையே சற்று மாற்றப்பட்டன என்றாலும், அக்கட்சிக்கு விழுந்த வாக்குகள் குறையவில்லை, 1,704 கூடியிருக்கின்றன. சதவீதம்தான் 16.9-இலிருந்து 14.6 ஆகச் சரிந்தது. காரணம், ஹாட்ஜின் வாக்குகள் 13,826-இலிருந்து 24,628 ஆக உயர்ந்தன. அதாவது 10,802 கூடுதல். கோபம் கொண்டவர்கள் 2010-இலும் வாக்களித்தார்கள். அவர்களோடு, முன்பு வராத மற்றவர்களும் வந்தார்கள்.

கிழக்கு லண்டனில் இது முதல் முறையும் அன்று. 1993 செப்டம்பரில் மில்வால் வார்டு இடைத்தேர்தலில் இதே கட்சியின் டெரெக் பீக்கன் ஏழே வாக்குகள் வித்தியாசத்தில் வென்று, அதன் முதல் கவுன்சிலர் ஆனார். அங்கும் பிரச்னை மன்ற வீடுகள்தான். எட்டு மாதங்கள் கழித்து 1994 மே மாதத்தில் நடந்த தேர்தலில் அவர் முன்பைவிட அதிக வாக்குகள் பெற்றார். ஆனாலும் தோற்றார். அதிர்ச்சியடைந்த ஊர், வரிசையில் நின்று வாக்களித்ததே காரணம்.

இங்குள்ளோர்க்கான கேள்விகள்

வேறொரு நாட்டின் வார்டுத் தேர்தலை இவ்வளவு விரிவாகப் பார்ப்பதற்கு இரண்டு காரணங்கள் உண்டு.

முதலாவது, உள்ளாட்சி மன்றம் என்பது தீவிர அரசியலின் முதல் படி. மண்ணின் மைந்தர்க்கே வேலை என்ற முழக்கத்துடன் 1966-இல் தொடங்கப்பட்ட சிவசேனை, தென்னிந்தியர்களை, அதிலும் குறிப்பாகத் தமிழர்களைக் குறிவைத்தபோது, அதற்கு முதலில் மேடை அமைத்துத் தந்தவை தாணே நகராட்சியும் பம்பாய் மாநகராட்சியுமே. 1968-இல் பம்பாய் மாநகராட்சியில் காங்கிரசுக்கு அடுத்த பெரிய கட்சியாக அது நுழைந்தது. வேலைக்காக நின்ற வரிசையில் முன்னால் நின்றவரின் முகம் அங்கே தமிழ் முகமாக இருந்தது. பார்க்கிங்கில் அது ஆப்பிரிக்க முகமாக இருந்தது. வரிசை ஏன் நகரவில்லை என்ற கேள்வி இரண்டு இடங்களிலும் பின்தள்ளப்பட்டது.

இரண்டாவது, ஒரே நேரத் தேர்தல் குறித்து இங்கு நடைபெறும் விவாதம். முன்னாள் குடியரசுத் தலைவர் ராம்நாத் கோவிந்த் தலைமையிலான உயர்நிலைக் குழு 2024 மார்ச்சில் அளித்த அறிக்கையில், மக்களவை, சட்டப்பேரவைத் தேர்தல்களைச் சேர்த்து நடத்தவும், அடுத்த 100 நாள்களுக்குள் உள்ளாட்சித் தேர்தல்களை நடத்தவும் பரிந்துரைத்தது. 2024 டிசம்பரில் மக்களவையில் அறிமுகமான அரசமைப்புச் சட்டத் திருத்த மசோதா, உள்ளாட்சிகளை விட்டுவிட்டு முதல் பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டது.

பார்க்கிங் இவ்விவாதத்தின் இரு பக்கங்களுக்கும் சான்று தருகிறது. 2006-இல் உள்ளாட்சித் தேர்தல் தனியாக நடந்தது. ஆர்வமும் கோபமும் உள்ளவர்கள் மட்டும் வந்தனர். சிறு கூட்டம் பெரும் பலன் கண்டது. 2010-இல் நாடாளுமன்றத் தேர்தலும் சேர்ந்து வந்ததால் தொகுதியில் 60 சதவீதத்துக்கும் மேல் வாக்குகள் பதிவாயின. சிறு கூட்டத்தின் வலிமை கரைந்தது. அதே சமயம், பெரிய தேர்தலின் வெள்ளத்தில் வார்டு அளவிலான வேறுபாடுகள் எல்லாம் அடித்துச் செல்லப்பட்டு, ஒரே கட்சிக்கு முழு மன்றமும் போய்ச் சேர்ந்தது. அதிக வாக்குப்பதிவு என்பதும், நல்ல பிரதிநிதித்துவம் என்பதும் எப்போதும் ஒன்றாக வருவதில்லை.

எதிர்வரிசை இல்லாத மன்றம்

வெற்றியின் இந்த மறுபக்கம் குறைவாகவே பேசப்பட்டது. 2014-இலும் 51-க்கு 51. 2018-இலும் 51-க்கு 51. வார்டு எல்லைகள் மாற்றப்பட்ட பின் நடந்த 2022 தேர்தலிலும் 51-க்கு 51. அந்நான்கு தேர்தல்களிலும் அவ்வூர் ஓர் எதிர்க்கட்சி உறுப்பினரைக்கூட மன்றத்துக்கு அனுப்பவில்லை. வேறு கட்சிகளுக்கு வாக்களித்த ஆயிரக்கணக்கானோருக்கு மன்றத்தில் ஒரு நாற்காலியும் இல்லை.

சட்டமன்றங்களில் நாமும் இதைக் கண்டிருக்கிறோம். சிக்கிமில் 1989-இலும் 2009-இலும் 32 இடங்களையும் ஒரே கட்சியே வென்றது. வரவு செலவுத் திட்டத்தைக் கேள்வி கேட்க எவருமில்லாத அவையில் தவறுகள் தாமதமாகவே வெளிப்படும். நாடாளுமன்ற நடவடிக்கைகளைப் பல ஆண்டுகள் கவனித்து வருபவர்களுக்கு இது விளக்கத் தேவையில்லாத உண்மை. 2010 முதல் 2015 வரை பிரிட்டிஷ் நாடாளுமன்றப் பொதுக் கணக்குக் குழுவின் தலைவராக இருந்து, பெரும் பன்னாட்டு நிறுவனங்களின் வரித் தவிர்ப்பைக் கடுமையாகக் கேள்விக்குள்ளாக்கியவர் இதே ஹாட்ஜ்தான். கேள்வி கேட்பதன் மதிப்பை நன்கறிந்த அவரது தொகுதி அமைந்த மன்றத்தில், கேள்வி கேட்கும் வரிசை காலியாக இருந்தது என்பது விசித்திரமே.

பிரிட்டிஷ் தேசியக் கட்சி அந்தத் தோல்வியிலிருந்து மீளவில்லை. 2014-இல் கிரிஃபின் ஐரோப்பிய நாடாளுமன்ற இடத்தை இழந்தார், கட்சியிலிருந்தும் நீக்கப்பட்டார். நாடு முழுவதிலும் அக்கட்சிக்கு மிஞ்சியிருந்த கடைசிக் கவுன்சிலர் 2018-இல் பதவியை விட்டு விலகினார்.

ஆனால், கட்சி மறைந்ததால் கோபமும் மறைந்துவிட்டதா? 2025 மே மாதத்தில் இங்கிலாந்தின் பிற பகுதிகளில் நடந்த உள்ளாட்சித் தேர்தல்களில், நைஜல் ஃபராஜின் சீர்திருத்தக் கட்சி 677 இடங்களையும் 10 மன்றங்களையும் கைப்பற்றியது. கென்ட் மன்றத்தின் 81 இடங்களில் 57. தொழிலாளர் கட்சியின் நூற்றாண்டுக் கோட்டையான டரம் மன்றத்தின் 98 இடங்களில் 65. அக்கட்சியையும் பிரிட்டிஷ் தேசியக் கட்சியையும் ஒன்றாகக் கருதுவது தவறு. அதன் கொள்கையும் வேறு, அது திரட்டிய மக்கள் பரப்பும் வேறு. எனினும், வேலை போன ஊர், கட்டப்படாத வீடு, தம்மை எவரும் கேட்பதில்லை என்ற மனக்குறை என்று அவ்வூர்களில் ஒலித்த பேச்சு, டாகன்ஹாமின் தெருக்களில் முன்பே ஒலித்ததுதான்.

பார்க்கிங்-டாகன்ஹாமில் 2010-இல் மக்கள் ஒரு கட்சியைத் தடுத்தார்கள். அது அரிய செயல். வாக்குச்சாவடிக்கு நடந்து சென்றதன் மூலமே அதைச் செய்தார்கள். ஆயினும், அன்று தோற்ற கட்சிக்கு அத்தொகுதியில் விழுந்த 6,620 வாக்குகளுக்குப் பின்னால் இருந்தவர்களில் பலர், மறுநாள் காலையிலும் அதே வீட்டு வரிசையில்தான் நின்றார்கள். தேர்தல் அந்த வரிசையைக் குறைக்காது. வென்றவர்கள் கட்டும் வீடுகள்தான் குறைக்கும்.